பத்து மணிப் பேச்சு கேட்காத வியாழக்கிழமை

இதை வாசிக்கிறவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். என் கையெழுத்து கோழிக் கிறுக்கல். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். எந்த இடத்தில் சின்ன ர, எந்த இடத்தில் பெரிய ற என்று இன்றைக்கும் தடுமாறுவேன். பிழை கண்ட இடத்தில் நீங்களே திருத்திக்கொள்ளுங்கள். மகள் இந்தக் கொப்பியைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து நம் போன் குழுவில் போடுவதாகச் சொல்லியிருக்கிறாள். "பேசி அனுப்புங்கப்பா, சுகம்" என்றாள். எனக்கு அது வராது. நாலு பேர் கேட்கப் போகிறார்கள் என்று நினைத்தாலே பேச வந்தது மறந்துபோகும். தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் என்னோடு வளர்ந்த கூட்டாளிகளான உங்களுக்கு அது புதிதல்ல.

போன வாரம் குழுவில் யாரோ ஒரு பழைய ரேடியோவின் படத்தைப் போட்டீர்கள். தோல் உறை போட்ட, பெட்டரியில் பாடுகிற ரேடியோ. உடனே ஆளுக்கொரு கதை வந்தது. "பிள்ளைக்காம்பரா ரேடியோ ஞாபகமாடா? கடை நானா செத்த பெட்டரிய வித்து ஏமாத்தினாரே" என்று ஒருவர் எழுதினார். அதற்கு இன்னொருவர், என்னைக் குறிப்பிட்டு, "அதுக்கு ரெண்டு நாள்லதான் இவங்க பெரியம்மா மகன் ஓடிப்போனாரு. சோறு போட்ட சித்திக்கு ஒரு வார்த்த சொல்லல" என்று எழுதினார். சிரிக்கிற முகங்கள் வரிசையாக விழுந்தன. பெரியம்மா மகனும் அந்தக் குழுவில் இருக்கிறான் என்பதை மறந்துவிட்டீர்கள். அவன் கோபிக்கவில்லை. கும்பிடுகிற கைப் படம் ஒன்றை மட்டும் போட்டான்.

கடை நானா ஏமாற்றவில்லை. பெரியம்மா மகன் ஓடிப்போகவும் இல்லை. இரண்டுக்கும் காரணம் வேறு ஒருத்தன். அவனுக்கு அப்போது பத்து வயது. அவன்தான் இதை எழுதுகிறான்.

பள்ளிக்கூடத்துக் கூரைத் தகரம் காற்றில் போன மழைக்காலம் அது. ஒரு தகரம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் வாகை மரத்தில் போய்த் தொங்கியதை நாமெல்லாம் கூட்டமாகப் போய்ப் பார்த்தோம். புதுத் தகரம் வரும் வரை பள்ளிக்கூடம் இல்லை என்றார்கள். தகரம் வர மூன்று மாதத்துக்கு மேல் ஆனது. பெரிய பிள்ளைகள் விறகுக்குப் போனார்கள். நாம் மழைக்கு ஒதுங்கிய இடம் பிள்ளைக்காம்பரா.

நம் பிள்ளைகளுக்கு அது இப்போது தெரியாது. கொழுந்து எடுக்கப் போகிற தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப் போகும் நீளக் கட்டடம். உத்தரத்தில் வரிசையாகச் சேலைத் தொட்டில்கள். பினாயில் வாசம், புளித்த பால் வாசம், மழையில் நனைந்த கம்பளி வாசம். எல்லாக் குழந்தைகளையும் ஒரு ஆயம்மா பார்த்துக்கொண்டார். காலையில் எடுத்த கொழுந்தைத் தராசில் நிறுத்து முடிந்ததும், பத்து மணிக்குக் கிட்ட, பால் கொடுக்கிற தாய்மாரை மட்டும் அரை மணி நேரம் மலையிலிருந்து விடுவார்கள். அவர்கள் இடுப்பில் சுற்றிய படங்குச் சாக்கோடு ஓடி வருவார்கள். வாசலிலேயே காலில் ஒட்டியிருக்கிற அட்டையைப் பிய்த்துப் போட்டுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, சுவர் ஓரமாகக் குந்திப் பிள்ளையை மடியில் போடுவார்கள். பதினோரு தாய்மார் அந்தப் பருவத்தில். என் அம்மாவும் ஒருவர். தங்கச்சிக்கு அப்போது ஐந்து மாதம்.

அந்த நேரத்தில்தான் ரேடியோவில் பேச்சு வரும். திங்கள் முதல் வெள்ளி வரை. நிகழ்ச்சிக்கு நல்ல தமிழில் நீளமான ஒரு பெயர் இருந்தது. நமக்கு அது பத்து மணிப் பேச்சு. ஒரே ஒரு ஆள் பேசுவார். பாட்டு இரண்டுதான் வரும். மற்ற நேரமெல்லாம் நேயர்கள் எழுதிய தபாலட்டைகளை வாசிப்பார், பதில் சொல்வார், கேலி செய்வார், சில நேரம் திட்டவும் செய்வார். அம்மாமார் அவருக்கு ரேடியோ தம்பி என்று பெயர் வைத்திருந்தார்கள். அவர் குண்டா ஒல்லியா, மீசை உண்டா இல்லையா என்று ஒவ்வொரு நாளும் சண்டை நடக்கும்.

"இவ்வளவு தண்ணியா பேசுறவருக்குக் கட்டாயம் தொப்ப இருக்கும்டி."

"உன் புருசன் பேசாமலே தொப்ப வச்சிருக்காரே, அது எப்படி?"

ரேடியோ ஆயம்மாவுடையது. பெட்டரி தாய்மார் எல்லோரும் சேர்ந்து வாங்குவது. டவுனில் கடை வைத்திருந்த முஸ்லிம் பெரியவர், நம் கடை நானாவிடம்தான் வாங்குவார்கள். நாலு பெரிய பெட்டரி, சிவப்புச் சட்டை போட்டது. மழைக்காலத்தில் பெட்டரி சீக்கிரம் இறங்கிவிடும் என்றும், சூட்டில் வைத்தால் உயிர் கூடும் என்றும் ஆயம்மா சொல்வார். பிள்ளைக்காம்பராவுக்குக் கிட்ட இருந்த வீடு எங்களுடையது. அதனால் பெட்டரிகள் எங்கள் அடுப்புக்கு மேலே இருந்த பலகையில் உறங்கும். காலையில் அவற்றை எடுத்து, ஸ்வெட்டருக்குள் வயிற்றோடு ஒட்டி வைத்துக்கொண்டு, மழையில் நனையாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் வேலை. நான் உள்ளே நுழைந்ததும், "அடியே, பெட்டரி மாப்புள வந்துட்டாரு" என்று கத்துவார்கள். எனக்குக் காது சூடாகும். அம்மா சிரிப்பார். அவர் குடித்து மிச்சம் வைத்த தேத்தண்ணிக் கோப்பையை என் பக்கம் தள்ளுவார். அடியில் சீனி கரையாமல் கிடக்கும். அது எனக்கு.

என்னிடம் கூச்சத்தைத் தவிர வேறு எதுவும் இருந்ததில்லை. ஓட்டத்தில் கடைசி. பாட்டு வராது. ஆனால் நாலு பெட்டரி என் வயிற்றுச் சூட்டில் இருந்தது. அது இல்லாமல் ரேடியோ தம்பி வாய் திறக்க முடியாது என்று எனக்கு ஒரு பெருமை இருந்தது.

அந்தப் பெருமைக்குக் குறுக்கே வந்தவன் பெரியம்மா மகன்.

கினிகத்தேனைப் பக்கம் ஒரு சின்னத் தோட்டத்தில் பெரியம்மா இருந்தார். பெரியப்பா முன்பே இறந்துவிட்டார்; அவருடைய தம்பி நானுஓயாவில் இருந்தார். பள்ளிக்கூடக் கூரை போவதற்கு ஒரு வருடம் முந்தி, பெரியம்மா வீட்டு வேலைக்குச் சவூதிக்குப் போகும்போது மகனை எங்கள் வீட்டில் விட்டுப் போனார். என்னைவிட இரண்டு வயது மூத்தவன். ஒரு தகரப் பெட்டி, ஒரு இருமல். அவ்வளவுதான் கொண்டுவந்தான். இருமலுக்காக, அடுப்புப் பக்கச் சுவரோரம் இருந்த என் படுக்கை அவனுக்குப் போனது. தீய்ந்த ரொட்டி ஓரம் எனக்குப் பிடிக்கும் என்று அம்மா தனியாக எடுத்து வைப்பார். அவனுக்கும் அதுதான் பிடித்தது. பாதி அவனுக்குப் போனது.

இதெல்லாம் பரவாயில்லை. அவனுக்கு எழுத வந்தது. அதுதான் என்னைக் கொன்றது.

அச்சடித்த மாதிரி எழுதுவான். பிள்ளைக்காம்பராவில் அதைக் கண்டுபிடித்த நாளிலிருந்து தாய்மார் அவனை விடவில்லை. ஒருத்தி பால் கொடுத்துக்கொண்டே சொல்வாள், இவன் தபாலட்டையை முட்டியில் வைத்து எழுதுவான். "எங்க கங்காணி அண்ணன் மழையிலயும் குடை பிடிச்சிக்கிட்டு எங்கள வெரட்டுறாரு, அவருக்கு ஒரு பாட்டு போடுங்க, அழுகப் பாட்டா போடுங்க" என்று எழுதிப் போட்டார்கள். ரேடியோ தம்பி அதை வாசித்து, வாய்விட்டுச் சிரித்து, அழுகைப் பாட்டே போட்டார். அன்று கங்காணி வாசலில் வந்து நின்று சத்தம் போட்டார்:

"மணி பத்தே முக்கால்! புள்ளைக்குப் பால் குடுக்கிறீங்களா, ரேடியோவுக்குக் குடுக்கிறீங்களா?"

"ரேடியோவுக்குப் பசி அடங்கலியே கங்காணி அண்ணே, நீங்கதான் கொஞ்சம் வந்து பாருங்க!"

கங்காணி குடையை முகத்துக்கு முன்னால் இறக்கிக்கொண்டு போய்விட்டார். சிரித்துச் சிரித்துக் குழந்தைகளுக்குப் புரையேறியது. எல்லோரும் பெரியம்மா மகனின் தலையைத் தடவினார்கள். "நம்ம ரேடியோ மகன்" என்றார்கள். அவன் ஒரு தகரப் புனலை வாயில் வைத்து ரேடியோ தம்பி மாதிரியே பேசிக் காட்டினான். அம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தார். அன்று தேத்தண்ணிக் கோப்பை அவன் பக்கம் தள்ளப்பட்டது. அம்மா வேண்டுமென்று செய்யவில்லை. கை பக்கத்தில் இருந்தவனைத் தேடிப் போனது. நான் ரேடியோவின் பின்னால், பெட்டரி மூடியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

பெட்டரி மாப்பிள்ளை என்று அதற்குப் பிறகு யாரும் கூப்பிட்டதாக எனக்கு நினைவில்லை. கூப்பிட்டிருப்பார்கள். எனக்குக் கேட்கவில்லை.

பெரியம்மாவிடமிருந்து முதலில் இரண்டு கடிதம் வந்தது. அப்புறம் ஒன்றும் இல்லை. தோட்டத்தில் கடிதம் எப்படி வரும் என்று உங்களுக்குத் தெரியும். ஆபிசுக்கு வந்து, மறுநாள் காலை வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். எட்டு மாதமாக அம்மா பெரட்டில் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றார். பழைய விலாசத்துக்கு எழுதிய கடிதம் திரும்பி வந்தது. ஏஜென்சிக்குப் போய்க் கேட்டதற்கு வீடு மாறிவிட்டார் என்று மட்டும் சொன்னார்கள்.

ஒரு நாள் பெரியம்மா மகன் யாரும் சொல்லாமல் தானே ஒரு தபாலட்டை எழுதினான். ரேடியோ தம்பி அதை வாசித்தபோதுதான் எங்களுக்கே தெரியும். வழக்கமான கேலி இல்லாமல், மெதுவாக வாசித்தார். தன் அம்மா சவூதியில் இருக்கிறார், எட்டு மாதமாகக் கடிதம் இல்லை, இந்த நிகழ்ச்சி அங்கேயும் கேட்குமாம், கேட்கிற யாராவது அம்மாவுக்குச் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தான். பெயரும் ஊரும் சொன்னார். அம்மா தங்கச்சியை ஒரு கையில் பிடித்துக்கொண்டே மறு கையால் அவனை இழுத்து மடியோடு சேர்த்துக்கொண்டார். "நான் இருக்கேன்டா சாமி, நான் இருக்கேன்ல" என்றார்.

சாமி என்பது என்னைக் கூப்பிடுகிற பெயர்.

பொறாமை என்றால் என்ன என்று அப்போது எனக்குத் தெரியாது. வயிற்றுக்குள் ஏதோ எரிந்தது. அம்மா கேட்டபோது வயிற்று வலி என்று சொன்னேன். ஓமத் தண்ணி காய்ச்சிக் கொடுத்தார். அந்தக் காரம் இப்போதும் நாக்கில் இருக்கிறது.

ஒன்றரை மாதம் போனது. ஒரு திங்கட்கிழமை ரேடியோ தம்பி நிகழ்ச்சி முடிகிற நேரத்தில் சொன்னார்: "மலையகத்திலிருந்து எழுதிய அந்த மகனுக்கு ஒரு பதில் வந்திருக்கிறது. வியாழக்கிழமை வாசிப்பேன். மகனையும் சித்தியையும் ரேடியோ பக்கத்தில் இருக்கச் சொல்லுங்கள்."

அந்த மூன்று நாள் லயத்தில் வேறு பேச்சே இல்லை. இருந்த பெட்டரி இறங்கிவிடும் என்று பயந்து, செவ்வாய்க்கிழமை சாயங்காலம் தாய்மார் கடை நானாவிடம் போய்ப் புது பெட்டரி நாலு வாங்கி வந்தார்கள். அடுப்புப் பலகையில் வைத்தேன். வியாழன் காலை அம்மா பெரியம்மா மகனை முற்றத்தில் நிறுத்திக் குளிப்பாட்டினார். தலைக்கு எண்ணெய் வைத்து வகிடு எடுத்தார். அவனுடைய சட்டை இரண்டும் கிழிசல். அம்மா என் தகரப் பெட்டியைத் திறந்து, பள்ளிக்கூடத்துக்கு என்று தைத்த என் வெள்ளைச் சட்டையை எடுத்து அவனுக்குப் போட்டுவிட்டார்.

"அது என்னுது" என்றேன்.

"உனக்குத்தான் பள்ளிக்கூடம் இல்லையேடா. அவங்க அம்மா பேசப்போறாங்க. நல்லா இருக்கட்டும்."

"ரேடியோவுக்குக் கண்ணு தெரியுமா?"

அம்மா சிரித்துவிட்டார். "தெரியும், போ" என்றார். பொத்தானை ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டு, காலரைச் சரி செய்து, எட்டி நின்று பார்த்தார். அப்படி அம்மா என்னை எட்டி நின்று பார்த்ததில்லை.

என்னிடம் பழைய பெட்டரிகள் இருந்தன. உயிர் போனதை யாரையும் எறிய விடமாட்டேன். படிக்கட்டுக்குக் கீழே ஒரு டின்னில் சேர்த்து வைத்து, வரிசையாக அடுக்கி ரயில் விடுவேன். எல்லாம் அதே சிவப்புச் சட்டைப் பெட்டரிகள். அதில் புதிது போல் இருந்த நாலைத் துடைத்து எடுத்தேன். பிள்ளைக்காம்பராவுக்குப் போகிற வழியில் மதகுக்குள் குனிந்து, நல்ல நாலையும் ஒரு கல்லுக்குப் பின்னால் வைத்தேன். செத்த நாலையும் ஸ்வெட்டருக்குள் போட்டுக்கொண்டேன். வயிறு சில்லிட்டது. ஒரு நாள் கேட்காவிட்டால் போதும் என்று நினைத்தேன். நாளைக்குத் திரும்பவும் வாசிப்பார் என்று நினைத்தேனா, அல்லது வாசிக்கவே கூடாது என்று நினைத்தேனா? இத்தனை வருடமாகியும் எனக்கு அது சரியாகத் தெரியவில்லை.

தாய்மார் அன்று ஐந்து நிமிடம் முந்தியே ஓடி வந்தார்கள். பாலில்லாத பெண்களும் இரண்டு மூன்று பேர் கங்காணியை ஏமாற்றிவிட்டு வந்திருந்தார்கள். பெரியம்மா மகன் வெள்ளைச் சட்டையோடு ரேடியோவுக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். ஆயம்மா பெட்டரி போட்டுத் திருகினார். சத்தம் இல்லை. தட்டினார். பெட்டரியை மாற்றி மாற்றிப் போட்டார். கம்பியை ஜன்னலில் கட்டிப் பார்த்தார்.

"என்னா ஆயம்மா, இன்னைக்குப் பாத்தா?"

"பெட்டரி புதுசுதானேடி, முந்தாநாத்து வாங்கினது!"

பெரியம்மா மகன் கை நீட்டி ஒரு பெட்டரியை எடுத்தான். கைக்குள் வைத்துப் பார்த்தான். நான் கொண்டுவருகிற பெட்டரி எப்போதும் கோழி முட்டை மாதிரி கதகதப்பாக இருக்கும் என்று அவனே ஒரு தரம் சொல்லியிருக்கிறான். அவன் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். நான் தொட்டிலைப் பார்த்தேன். அவன் பெட்டரியைத் திரும்ப வைத்துவிட்டான்.

ஒருத்தி, ரேடியோ வைத்திருந்த தோட்டத்து உத்தியோகத்தர் கண்டாக்கு ஐயாவின் வீட்டுக்கு ஓடினாள். அங்கே வீடு பூட்டியிருந்தது. அரை மணி நேரம் போய்விட்டது. வெளியே கங்காணி விசில் அடித்தார். அம்மா தங்கச்சிக்குப் பால் கொடுக்கவும் மறந்து உட்கார்ந்திருந்தார். "ஒம்போது மாசத்துக்கு மேல பேசாத அக்கா பேசுற அன்னைக்கா இதுக்கு வாயடைக்கணும்" என்றார். நான் மதகுக்கு ஓடினேன். எடுத்துக்கொண்டு வந்து மாற்றிவிடலாம் என்றுதான் ஓடினேன் என்று உங்களிடம் சொல்ல ஆசை. பயந்துதான் ஓடினேன். மழைத் தண்ணீர் மதகு நிறையப் போய்க்கொண்டிருந்தது. கல்லும் இல்லை, பெட்டரியும் இல்லை.

அன்று சாயங்காலம் வேலை விட்டு ஆறு தாய்மார் டவுனுக்குப் போனார்கள். நானும் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு போனேன். செத்த பெட்டரி நாலையும் நானாவின் மேசையில் போட்டார்கள்.

"நம்பி வாங்கினோமே நானா! இப்படியா பழசத் தொடச்சிக் குடுப்பீங்க?"

"என்ன தங்கச்சி பேசுறீங்க, பெட்டி உடச்சதே உங்க முன்னுக்குத்தானே?"

"அப்ப நாங்க பொய் சொல்றோமா?"

நானா பெட்டரி ஒன்றை எடுத்துக் கீழ்ப் பக்கத்தைப் பார்த்தார். ரயில் விட்டு விட்டு அதன் அடி தேய்ந்திருந்தது. அவர் என்னை ஒரு தரம் பார்த்தார் என்று நினைக்கிறேன். பிறகு பெருமூச்சு விட்டு, புதிதாக நாலு பெட்டரியை எடுத்து மேசையில் வைத்தார். "கொண்டு போங்க. அந்தப் புள்ளைக்காகத்தான் தாறேன். ஆனா நான் ஏமாத்தல" என்றார். கொடுத்ததே குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது. அதற்குப் பிறகு நம் லயத்து ஆட்கள் அந்தக் கடைப் படி ஏறவில்லை. வேலைக்கு ஆகாத எதற்கும் "நானா கடைப் பெட்டரி" என்று பெயர் வைத்தோம். இன்றைக்கும் குழுவில் எழுதுகிறீர்கள். அவர் இறந்து பதினைந்து வருடம் இருக்கும்.

ரேடியோ தம்பி என்ன வாசித்தார் என்று கேட்க மறுநாள் அம்மா ஆள் அனுப்பினார். தோட்டத்தின் மேல் டிவிசன் லயங்களுக்குப் பெரியம்மா மகன் போனான். அங்கே ஒருத்தி, "தீபாவளிக்கு வந்துருவாங்களாம்" என்றாள். இன்னொருத்தி, "ஐயோ பாவம், அழுதிருக்காங்க" என்றாள். மூன்றாவது ஆள் அடுப்படியில் இருந்ததால் பாதிதான் கேட்டாளாம். என்னை றொசல்ல ஸ்டேஷன் பக்கம் அனுப்பினார். அங்கே ஒரு தேத்தண்ணிக் கடை அம்மா ரேடியோவை நிறுத்தவே மாட்டார்.

அவர் மகளும் சவூதியில். அதனால் ஒரு வார்த்தை விடாமல் கேட்டிருந்தார். "நீ அந்த வீட்டுப் புள்ளையா? வா, வா" என்று ஒரு பணிஸ் ரொட்டியைக் கையில் கொடுத்து, முழுவதையும் சொன்னார். "எங்க, திருப்பிச் சொல்லு. வழியில மறந்துட்டா அந்தப் புள்ள என்னா செய்யும்?" என்றார். சொன்னேன். "இல்ல, அந்த எடத்துல அப்படி இல்ல" என்று திருத்தினார். மூன்று தரம் சொல்லச் சொல்லி, மூன்றாவது தரம் சரியாக வந்ததும்தான் விட்டார். பள்ளிக்கூடத்தில் கூட எனக்கு எதுவும் அப்படி மனப்பாடம் ஆனதில்லை.

ரயில் பாதைச் சிலிப்பர்க் கட்டைகளில் எட்டி எட்டி வைத்து வந்தேன். சொன்னது நீளமாக இருந்தாலும் என் காதில் ஒரு வரிதான் ஓடிக்கொண்டிருந்தது. "சித்திய அம்மான்னு கூப்பிடு." படுக்கை போய், ரொட்டி ஓரம் போய், கோப்பை போய், சட்டை போய், இப்போது அந்தப் பெயரும் போகப் போகிறது. பணிஸைக் கடிக்காமலே ஆற்றில் எறிந்தேன்.

அம்மாவிடம், "அங்கயும் அன்னைக்கு ரேடியோ போடலையாம்" என்றேன்.

பெரியம்மா மகன் மலைத் தண்ணீர் விழுகிற பீலியடியில் என் வெள்ளைச் சட்டையைத் துவைத்துக்கொண்டிருந்தான். அவனிடம் தனியாகச் சொன்னேன். "பெரியம்மா ஒன்ன நானுஓயா சித்தப்பா வீட்டுக்குப் போகச் சொன்னாங்களாம். இங்க இருக்க வேணாமாம். சித்திக்குப் பாரமாம்."

அவன் சட்டையைப் பிழிவதை நிறுத்தவில்லை. "அப்படியா சொன்னாங்க?"

"ம்."

"வேற?"

"வேற ஒண்ணுமில்ல."

"அம்மா நல்லா இருக்காங்களாமா?"

அது ஒன்றுக்காவது உண்மை சொன்னேன். "நல்லா இருக்காங்களாம்."

அவன் தலையை ஆட்டினான். "சரிடா தம்பி" என்றான்.

சனிக்கிழமை காலை அம்மா பெரட்டுக்குப் போனதும் அவன் தகரப் பெட்டியோடு போய்விட்டான். என் சட்டையை மடித்து அடுப்புப் பலகையில், பெட்டரிகள் வைக்கிற இடத்தில் வைத்திருந்தான். தொட்டுப் பார்த்தேன். காய்ந்து சூடாக இருந்தது.

அம்மா முதலில் அழுதார். நானுஓயாவில் அவன் சித்தப்பா வீட்டில் இருக்கிறான் என்று தெரிந்ததும் கோபப்பட்டார். "நான் என்னா கொற வச்சேன்? ஒரு வார்த்த சொல்லிட்டுப் போகக் கூடாதா?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் ஒரு தபாலட்டையைக் கொடுத்து, வியாழக்கிழமை வாசித்ததைத் திரும்ப வாசிக்கும்படி ரேடியோ தம்பிக்கு எழுதச் சொன்னார். எழுதினேன். யாராலும் வாசிக்க முடியாதபடி எழுதினேன். எழுத்தின் மேல் எழுத்து. என் கையெழுத்து முன்பும் அழகில்லைதான், ஆனால் இப்படிக் கேவலமாக இருந்ததில்லை. அந்தத் தபாலட்டைக்குப் பிறகு அது திருந்தவே இல்லை. பதில் வரவில்லை. அம்மா மேலும் இரண்டு வாரம் காத்திருந்தார். பிறகு பால் நேரத்தில் ரேடியோவுக்கு முதுகைக் காட்டி உட்காரத் தொடங்கினார்.

பள்ளிக்கூடத்துக்குப் புதுத் தகரம் வந்தது. நான் போகவில்லை. எனக்குப் படிப்பு ஏறவில்லை என்று அப்பாவும் அம்மாவும் நினைத்துக்கொண்டார்கள். அந்தச் சட்டையை என்னால் போட முடியவில்லை, அவ்வளவுதான்.

பெரியம்மா இரண்டு வருடம் கழித்து வந்தார். ஒரே ஒரு நாள் எங்கள் லயத்துக்கு வந்தார். வாசலில் நின்றார், உட்காரவில்லை. தேத்தண்ணியை வாங்கி அப்படியே கீழே வைத்தார்.

"பாரமா இருந்தா அந்த ரேடியோவுக்காவது ஒரு வரி எழுதியிருக்கலாமே தங்கச்சி. ரேடியோவுல அவ்வளவு கெஞ்சினேனே."

"நான் வெரட்டலக்கா! அவனாத்தான் போனான். ரேடியோ அன்னைக்குப் பாடலக்கா."

"நாட்டுக்கே பாடின ரேடியோ, உன் வீட்டுக்கு மட்டும் பாடலையா?"

நான் அடுப்படிக்குள் நின்றேன். பன்னிரண்டு வயது. வெளியே வந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். அடுப்புக்குள் விறகைத் தள்ளிக்கொண்டிருந்தேன். அக்காவும் தங்கச்சியும் அதற்குப் பிறகு பேசவில்லை. பெரியம்மாவின் சாவுக்கு அம்மா போனார். உள்ளே கூப்பிட ஆளில்லாமல், பாதையோரம் ஊர் ஆட்களோடு நின்றுவிட்டு, மத்தியான ரயிலில் திரும்பி வந்தார்.

பெரியம்மா மகன் இப்போது நானுஓயா ஸ்டேஷனிலிருந்து டவுனுக்கு வேன் ஓட்டுகிறான். காலையில் குழுவில் முதல் ஆளாகப் பூப் படம் போடுவது அவன்தான். அம்மாவுக்குக் கண் மங்கிவிட்டது. பத்து மணிக்கு என் போனில் ஏதாவது ஒரு ரேடியோப் பேச்சை வைத்துக் கேட்பார். இப்போது பேசுகிறவர்கள் தாங்களே பேசித் தாங்களே சிரிக்கிறார்கள் என்று குறை சொல்வார். அதற்கு முன் ஒவ்வொரு நாளும் ஒரு கேள்வி கேட்பார். "அவன் பூ போட்டுட்டானா?" போட்டுவிட்டான் என்று சொல்வேன். "என்னா பூ?" என்பார். பக்கத்திலேயே இருந்து சோறு போடுகிறவன் நான். எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. மறைக்க விரும்பவில்லை.

இதை உங்கள் எல்லோருக்கும் எழுதத் தொடங்கினேன். மிச்சம் அவனுக்கு.

அண்ணே, பெட்டரி சில்லென்று இருந்தது உனக்குத் தெரியும். அப்படியிருந்தும் பீலியடியில் நான் சொன்னதை நீ நம்பினாயா? நம்பாமல்தான் போனாயா? எனக்காகவா போனாய்? இதைக் கேட்க எனக்கு இவ்வளவு காலம் ஆனது. பதில் போடாவிட்டாலும் பரவாயில்லை, பூப் படத்தை நிறுத்திவிடாதே. அம்மா கேட்பார்.

இன்று பத்து மணிக்கு ரேடியோவை நிறுத்திவிட்டு இந்தக் கொப்பியை அம்மாவுக்கு நானே வாசிக்கப் போகிறேன். அதற்குப் பிறகுதான் மகள் படம் பிடிப்பாள். அந்த வியாழக்கிழமை ரேடியோ தம்பி உனக்கு வாசித்தது இதுதான். தேத்தண்ணிக் கடை அம்மா மூன்று தரம் சொல்ல வைத்தபடியே எழுதுகிறேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை.

"என் மகனுக்கு, அம்மா நல்லா இருக்கேன். மொத வீடு சரியில்ல, வேற வீட்டுக்கு மாத்திட்டாங்க, அதனாலதான் கடுதாசி போட முடியல. இன்னும் ரெண்டு வருசம் இருக்கணும். அதுவரைக்கும் சித்திய விட்டு எங்கயும் போகாத. சித்திய அம்மான்னு கூப்பிடு, எனக்குக் கோவம் வராது. தம்பி சின்னவன். அவனுக்கு மனசு கஷ்டமா இருக்கும். எது குடுத்தாலும் அவனுக்கு மொதல்ல குடுக்கச் சொல்லு, நீ அப்புறம் வாங்கிக்க."

2025 ஆகஸ்ட் 14, வியாழக்கிழமை.